டட்சன் 620 பின்பக்கம் எறக்குறோம்: எத்தனை இன்ச்னு கேக்குறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாருங்க

வணக்கம் மக்களே. வெளிய மழை, மேல தகரக் கூரை, அதனால கத்தித்தான் பேசணும். கோலாலம்பூர் செந்தூல்ல நம்ம அங்கிளோட வர்க்‌ஷாப்ல இருக்கேன். பின்னாடி நிக்கிறது நம்ம டட்சன் 620 பிக்கப். 1972ல இருந்து 1979 வரைக்கும் வந்த மாடல். கேஸ் சிலிண்டர் தோங், சிமெண்ட், காய்கறின்னு ஒரு காலத்துல இந்த வண்டிங்க சுமக்காத சாமானே இல்ல.

முன்பக்கம் ஏற்கெனவே எறக்கியாச்சு. அங்க டார்ஷன் பார், அதாவது முறுக்கி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யுற கம்பி, அட்ஜஸ்டர் போல்ட்டத் திருப்புனா எறங்கிடும், அப்புறம் அலைன்மெண்ட் பார்க்கணும், அவ்ளோதான். ஆனா இப்ப பாருங்க, கோழி குனிஞ்சு கொத்துற மாதிரி மூக்கு கீழ, பின்னாடி மேல. இது பழுதில்ல. பின்னாடி பட்டை ஸ்பிரிங்க வளைச்சதே லோடு ஏத்தத்தான். லோடு இல்லன்னா அந்த வளைவு அப்படியே நிக்கும், வண்டி பின்னாடி தூக்கிக்கும்.

கமெண்ட்ல எல்லாரும் கேக்குறது, "புரோ, எத்தனை இன்ச் பிளாக் போடலாம்?" பிளாக்னா ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல வெக்கிற கட்டை. நான் கேக்குறேன், உங்க வண்டியில ஆக்சில், அதான் பின் சக்கரம் ரெண்டையும் சேர்க்கிற அச்சு, எங்க இருக்கு? ஸ்பிரிங்குக்கு மேலயா, கீழயா? கேமராவ கீழ கொண்டு வரேன். தெரியுதா? இது ஆக்சில் குழாய். அதுக்கு அடியில பட்டை. ஆக்சில் மேல, ஸ்பிரிங் கீழ. இந்த ரெண்டுக்கும் நடுவுல 2 இன்ச் பிளாக் வெச்சா ஸ்பிரிங் 2 இன்ச் கீழ போகும், வண்டியோட சட்டம், அதான் சேசியும், கூடவே எறங்கும். இதுவே ஸ்பிரிங் மேல, ஆக்சில் கீழ இருக்கிற வண்டியில அதே பிளாக்க வெச்சா வண்டி 2 இன்ச் ஏறிடும்! பெரிய அமெரிக்கன் பிக்கப் சிலதுல அப்படித்தான் இருக்கும். அதுக்கு ஆக்சில ஸ்பிரிங்குக்கு மேல மாத்துற ஃபிளிப் கிட் வேணும். அது வேற வேலை, வேற காசு.

ஸ்பிரிங் கடை முதலாளி தவுக்கே வேற வழி சொன்னாரு. "ரெண்டு பட்டைய உருவிடலாம் பாஸ், சீப்பா முடியும்." முடியும், நான் மாட்டேன்னுட்டேன். பட்டைய உருவுனா உயரத்தோட சேர்ந்து தாங்குற சக்தியும் போயிடும். அதோட ஆக்சிலேட்டர மிதிக்கிறப்ப ஆக்சில் முறுக்கப் பார்க்கும், மெலிஞ்ச ஸ்பிரிங் எஸ் மாதிரி நெளியும், பின்னாடி தடதடன்னு உதறும். கேஸ் டார்ச் வெச்சு ஸ்பிரிங்க சூடாக்கி எறக்குறது இன்னும் மோசம். அந்த இரும்ப பதம் போட்டு வெச்சிருக்கான், சூடு காட்டுனா அந்தப் பதம் போச்சு. கொஞ்ச நாள்ல தொங்கும், இல்லன்னா ஒடியும். வளைவக் குறைக்கணும்னா ஸ்பிரிங் கடையில முறையா தட்டி பதம் போட்டுத் தருவாங்க, அது நல்ல வேலை. எனக்கு பிளாக் பிடிக்கிறதுக்குக் காரணம், வேணாம்னா கழட்டிட்டு பழையபடி மாத்திடலாம்.

இன்னொண்ணு, பினியன் ஆங்கிள். கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட் பின்னாடி டிஃபரன்ஷியல்ல மாட்டுற மூக்குதான் பினியன், அது நிக்கிற கோணம். பிளாக் போட்டா கண்டிப்பா டேப்பர் ஷிம், அதாவது ஆப்பு மாதிரி சரிவான தகடு, வேணும்னு பயமுறுத்துவாங்க. தட்டையான பிளாக்னா ஸ்பிரிங் சேசியோட சேர்ந்துதான் சாயும், ஆக்சிலும் அதோட சாயும், அதனால கியர்பாக்ஸுக்கும் பினியனுக்கும் நடுவுல இருக்கிற கோணம் மாறாது. மாறுறது ஷாஃப்டோட சரிவு மட்டும். ஆனா ஸ்பிரிங்கோட பின் முனைய சேசியில மாட்டுற ஷாக்கிள மாத்தி எறக்குனா கதை வேற. ஸ்பிரிங்கோட பின் முனை மட்டும் நகரும், ஆக்சில் உருளும், பினியன் மூக்கு திரும்பும். அப்பதான் ஷிம் வேணும்.

சரி, டேப் எடுங்க. ஆக்சில் குழாய்க்கும், அது சேசியில இடிக்காம மேல தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் எவ்ளோ இடம் இருக்குன்னு அளங்க. 2 இன்ச் எறக்குனா அதுல 2 இன்ச் போயிடும். மிச்சம் ஒரு இன்ச்னா ஒவ்வொரு வேகத்தடை போங்கோல்லயும் இடுப்பு எலும்புல கேக்கும். ரப்பரக் கொஞ்சம் கட்டையா மாத்தலாம். 3 இன்ச்சுக்கு மேல ஆசைப்படுறவங்க சேசிய வளைவா வெட்டி பிளேட் வெச்சு வெல்டிங் பண்ணணும், சி-நாட்ச். சேசிய வெட்டுறதுன்னா சும்மா இல்ல, நம்ம ஊரு ரோட்டுக்கு அது தேவையும் இல்ல.

ஷாக் அப்சார்பரோட கீழ் முனை எங்க மாட்டியிருக்குன்னும் பாருங்க. ஸ்பிரிங்க ஆக்சிலோட சேர்த்துக் கட்டுற யூ-போல்ட் பிளேட்டுல இருந்தா நீளம் மாறாது. ஆக்சில்லயே இருந்தா ஷாக் சுருங்கும், குட்டையானது வாங்கணும். அந்த பிளேட்டும் தரைக்கு 2 இன்ச் கிட்ட வந்துடும், போல்ட் முனை நீட்டிட்டு இருந்தா வெட்டி விடுங்க. டயர் பஞ்சரானா ரோட்டுல மொத மொத தேயப் போறது அதுதான்.

கொஞ்சம் புதுசான பிக்கப் வெச்சிருக்கிறவங்க கவனிங்க. ஆக்சில்ல இருந்து சேசிக்கு ஒரு சின்ன கம்பி போய் பிரேக் வால்வுல மாட்டியிருந்தா, அது லோடு பார்த்து பிரேக் கொடுக்கிற வால்வு. வண்டிய எறக்கிட்டு அத சரி பண்ணலன்னா, லோடு இருக்குன்னு நெனச்சு பின் சக்கரத்துக்கு பிரேக்க கூட்டிக் கொடுக்கும். இந்த மாதிரி மழையில பெடரல் ஹைவேல காலி வண்டியோட பின் சக்கரம் லாக் ஆனா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

வேலைக்கு வருவோம். முன் சக்கரத்துக்குக் கட்டை, சேசிக்கு ஸ்டாண்டு, டிஃபரன்ஷியலுக்கு ஜாக். ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம். பழைய யூ-போல்ட்டத் திரும்பப் போடாதீங்க, பிளாக்குக்கு ஏத்த நீளத்துல புதுசு போடுங்க. பிளாக்குல இருக்கிற முளை ஆக்சில் மேடையோட ஓட்டைக்குள்ள சரியா உக்காரணும், ஸ்பிரிங்கோட சென்டர் போல்ட் தலை பிளாக்கோட ஓட்டைக்குள்ள உக்காரணும். இதுல கோணல் இருந்தா ஆக்சில் நேரா நிக்காது, வண்டி நண்டு நடை போடும். நட்டுங்கள குறுக்கா மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க. பிளாக் மேல பிளாக் அடுக்காதீங்க, மரக்கட்டை வெக்கவே வெக்காதீங்க.

சொகுசு கூடுமான்னு கேட்டா, கூடாது லா. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், குலுக்கலும் அதேதான். பார்க்க கெத்தா இருக்கும், வளைவுல கொஞ்சம் அடக்கமா போகும்.

ஜேபிஜே, அதான் சாலைப் போக்குவரத்து இலாகா விஷயம். சஸ்பென்ஷன்ல கை வெக்கிறதும் மாற்றம்தான், முன்னாடியே போய்க் கேட்டுக்கிறது நல்லது. வணிக வண்டியா பதிஞ்சிருந்தா வண்டி சோதனை மையம் புஸ்பாகோம்ல வேற 6 மாசத்துக்கு ஒரு தடவை அடியில விளக்கடிச்சுப் பார்ப்பாங்க.

கராக் மலை ஹைவேல ஏத்தணும்னு ஆசையா இருக்கு. ஆனா மொதல்ல பக்கத்துலயே சில நாள் ஓட்டிட்டு, யூ-போல்ட் நட்டுங்கள மறுபடி டைட் பண்ணிட்டுத்தான் போவேன். அங்கிள் கூப்பிடுறாரு, ஜாக்க எறக்கணும். இதோ வரேன் அங்கிள்!