இணைப்புக்கு ஓட்டு, மூடுவிழாவுக்குப் பயம்

எல்லோருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசுவார் என்று அறிமுகம் செய்தார்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம். நான் பேச வந்தது அங்குள்ள பள்ளிகளின் எல்லைக்கோடுகளைப் பற்றி. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு, தங்கள் பள்ளி நிர்வாகத்தை ஒன்றாக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கின்றன. யோசிப்பதற்காக ஓர் ஆய்வு நடத்துகிறார்கள். அந்த ஆய்வு எதை அளக்கிறது, ஊர் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறது என்பதுதான் இன்றைய விஷயம். இரண்டும் ஒன்றல்ல.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் 'கல்வி மாவட்டம்' உண்டு. அதற்கு ஓர் அதிகாரி, ஓர் அலுவலகம், நிறைய பைல். சம்பளம் சென்னையிலிருந்து வரும், உத்தரவும் அங்கிருந்தே வரும். அமெரிக்காவின் பள்ளி மாவட்டம் அப்படியல்ல. அது கிட்டத்தட்ட ஒரு குட்டிப் பஞ்சாயத்து. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த போர்டு சொத்து வரி விதிக்கும், கட்டடம் கட்டக் கடன் வாங்கும், சூப்பரின்டென்டன்ட் என்ற தலைமை நிர்வாகியை நியமிக்கும், ஆசிரியர் சங்கத்தோடு உட்கார்ந்து சம்பளம் பேசும். மாநில அரசும் பணம் தரும். ஆனால் வீட்டு வரி ரசீதில் பள்ளிக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். அதனால் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத எழுபது வயதுக்காரரும் அதைப் பற்றி உரக்கப் பேசுவார்.

1939-40 கல்வியாண்டில் அமெரிக்காவில் இப்படி 1,17,108 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13,000. அந்தக் காலத்து மாவட்டங்களில் பெரும்பாலானவை ஒரே அறை, ஒரே ஆசிரியர் கொண்ட கிராமத்துப் பள்ளிகள். சாலை வந்தது, பஸ் வந்தது, விவசாயத்தில் ஆள் குறைந்தது, மாநில அரசுகளும் பணம் கொடுத்து இணைப்பைத் தூண்டின. 1959-ல் ஜேம்ஸ் கோனன்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். வேதியியல் பேராசிரியராக இருந்து ஹார்வர்டின் தலைவரானவர். பள்ளியின் கடைசி வகுப்பில் குறைந்தது நூறு மாணவர்களாவது இருந்தால்தான் நல்ல உயர்நிலைப் பள்ளி நடத்த முடியும் என்பது அவருடைய கணக்கு. இயற்பியலுக்கு ஒருவர், பிரெஞ்சுக்கு ஒருவர் என்று ஆசிரியர் வைக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டுமே. நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு வருடம் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் ஒன்பது பேர்தான். கோனன்ட் சொன்னதை என்னால் சிரித்து ஒதுக்க முடியாது.

இப்போது நியூயார்க் மாநிலத்துக்கு வருவோம். மன்ஹாட்டனை மறந்துவிடுங்கள். வடக்கே போகப் போக மாட்டுப் பண்ணையும் மூடிய ஆலைகளும்தான். அங்கே இரண்டு மாவட்டங்கள் இணைய நினைத்தால், வெளியிலிருந்து ஆலோசகரை அழைத்து ஆய்வு நடத்துவது வழக்கம். இரண்டு ஊர்க்காரர்களும் உள்ள ஒரு குழு அவரோடு உட்காரும். அடுத்த சில வருடங்களில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், எந்தப் பாடங்களைச் சேர்க்கலாம், எந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது, யார் தலையில் எவ்வளவு கடன், இணைந்தபின் வரி ஏறுமா இறங்குமா என்று பக்கம் பக்கமாக வரும். அப்புறம் வெறும் கருத்தறியும் ஓட்டு. அது இரண்டு ஊரிலும் தேறினால்தான் சட்டப்படியான ஓட்டு. அதிலும் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக 'சரி' சொல்ல வேண்டும். பெரிய ஊர் சின்ன ஊரை எண்ணிக்கையால் விழுங்க முடியாது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

மாநிலம் வரதட்சணையும் தருகிறது. வேறு சொல் தோன்றவில்லை, மன்னியுங்கள். இணைந்த மாவட்டத்துக்கு வழக்கமான உதவித்தொகையின் ஒரு பகுதியைக் கணக்கில் வைத்து, அதற்கு மேல் 40 சதவீதம் கூடுதலாக ஐந்து வருடம் கிடைக்கும். அதன்பின் வருடத்துக்கு 4 சதவீதப் புள்ளியாகக் குறைந்து, 14 வருடத்தில் தீர்ந்துவிடும். 15-வது வருடம் என்ன செய்வார்கள் என்பதுதான் நல்ல ஆய்வறிக்கையில் நான் முதலில் தேடும் பக்கம்.

சரி, உண்மையில் பணம் மிச்சமாகிறதா? சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்கோம், ஜான் யிங்கர் இருவரும் இதே நியூயார்க் கிராமப்புற மாவட்டங்களை வைத்துக் கணக்குப் போட்டு 2007-ல் வெளியிட்டார்கள். 300 மாணவர்கள் உள்ள மாவட்டம் இணைந்து இரண்டு மடங்கானால், மாற்றத்துக்கு ஆகும் செலவையெல்லாம் கழித்தபின் தலைக்கு 31.5 சதவீதம் மிச்சம். 1,500 மாணவர்கள் உள்ள மாவட்டத்துக்கு அது 14.4 சதவீதம்தான். ஆக, மிகச் சிறிய இடத்தில் லாபம் நிச்சயம், வளர வளர அது கரைகிறது. இணைந்த கையோடு புதுக் கட்டடம் கட்டும் ஆசைக்கு மாநிலம் தீனி போடக் கூடாது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

மிச்சம் எங்கே கரைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு மாவட்டத்திலும் ஆசிரியர் சம்பளம் வெவ்வேறு. இணைந்ததும் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கும் இரண்டு கணக்கு ஆசிரியர்களில் ஒருவருக்கு மட்டும் குறைவாகக் கொடுக்க முடியுமா? உயர்ந்த சம்பளப் பட்டியலுக்கே எல்லோரும் ஏறுவார்கள். ஒரு சூப்பரின்டென்டன்ட் பதவியை ஒழித்து மிச்சம் பிடித்த பணத்தில் பெரும் பகுதி அங்கே போய்விடும். நான் சங்கத்தில் இருந்தவன், அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கையில் அதை எழுதியிருக்க வேண்டும்.

மோஹாக் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. ஈரி கால்வாய் ஓடிய வழி. அங்கே இலியன், மோஹாக், ஹெர்கிமர், பிராங்க்பர்ட்-ஷைலர் என்று நான்கு மாவட்டங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. இலியன்தான் ரெமிங்டன் துப்பாக்கி ஆலை இருந்த ஊர். நான்கும் சேர்ந்து ஆய்வு நடத்தின. ஓட்டுக்கு மேல் ஓட்டு வந்தது. கடைசியில் 2013-ல் கைகோத்தவை இரண்டு மட்டுமே, இலியனும் மோஹாக்கும். புது மாவட்டத்துக்கு இரண்டு ஊர்ப் பெயரையும் வைக்காமல் 'சென்ட்ரல் வேலி' என்று வைத்தார்கள். புத்திசாலித்தனம். யார் பெயர் முன்னால் வருவது என்ற சண்டை தொடங்கும் முன்பே முடிந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அங்கே பள்ளி விளையாட்டு அணிக்கு ஒரு சின்னம், ஒரு நிறம் இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து என்றால் ஊரே மைதானத்தில் நிற்கும். இணைந்தால் யாருடைய சின்னம், யாருடைய நிறம்? நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று எத்தனை வழக்கு நடந்திருக்கிறது! பரிவட்டம் வெறும் துணிதானே என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் சின்னமும் நிறமும் மேலே தெரிகிற சண்டை. உள்ளே இருப்பது வேறு. மாவட்டத்தை இணைப்பது வேறு, பள்ளியை மூடுவது வேறு. இணைப்பு என்பது இரண்டு போர்டு ஒன்றாவது. பெரும்பாலான ஆய்வறிக்கைகள் "உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி அப்படியே இருக்கும்" என்றுதான் சொல்லும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது இனிமேல் தேர்ந்தெடுக்கப்படப் போகும் போர்டு. ஏழு இடத்தில் ஐந்து பெரிய ஊருக்குப் போய்விட்டால், மூன்றாவது வருடம் பட்ஜெட்டில் துண்டு விழும்போது எந்தக் கட்டடத்தில் கை வைப்பார்கள்? ஊர்க்காரர் இதை எந்த அட்டவணையும் பார்க்காமல் புரிந்துகொள்கிறார். அவர் 'வேண்டாம்' என்று குத்தினால், படிப்பறிவில்லாத பிடிவாதம் என்று பட்டணத்துப் பத்திரிகை எழுதும்.

ஆர்கன்சா மாநிலத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரைச் சமவெளியில் லேக் வியூ என்று ஒரு சிற்றூர். 1930-களில் ரூஸ்வெல்ட் அரசு கறுப்பின விவசாயிகளைக் குடியமர்த்திய இடம். 1992-ல் அந்த ஊரின் பள்ளி மாவட்டம், மாநிலம் பணத்தைப் பங்கிடும் முறையே அநியாயம் என்று வழக்குப் போட்டது. வழக்கில் பதிவான ஒரு விவரம் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த மாவட்டத்தில் உயர்நிலை வகுப்புகளின் கணக்குப் பாடம் முழுவதையும் நடத்தியவர் ஒரே ஒருவர். தகுதிச் சான்றிதழ் இல்லாதவர். தற்காலிக ஆசிரியர் என்ற கணக்கில் வருடத்துக்கு 10,000 டாலர் சம்பளம். போதாமல், அதே பள்ளியின் பஸ்ஸை ஓட்டி இன்னொரு 5,000 டாலர் சம்பாதித்தார். முக்கோணவியல் வகுப்பில் கால்குலேட்டர் போதவில்லை, வடிவியலுக்குக் காம்பஸ் இல்லை, இருந்த பிரின்டர் ஓடவில்லை.

2002 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் லேக் வியூ பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிதி முறை அரசியலமைப்புக்கு விரோதம், சரிசெய் என்றது. சரிசெய்ய வேண்டிய ஆளுநர் மைக் ஹக்கபி, 1,500 மாணவர்களுக்குக் குறைவான மாவட்டங்களையெல்லாம் இணைக்கலாம் என்று கிளம்பினார். சட்டமன்றம் பேரம் பேசி 350-க்கு இறக்கியது. இரண்டு வருடம் தொடர்ந்து 350-க்குக் கீழே இருந்தால் மாவட்டம் கலையும். ஹக்கபிக்கு அது போதவில்லை, கையெழுத்துப் போடாமலேயே சட்டமாக விட்டுவிட்டார். 2004-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் காணாமல் போயின. அவற்றில் ஒன்று லேக் வியூ. பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். வழக்கில் வென்றவனுக்கு முதலில் போனது அவன் வீட்டுப் பெயர்ப்பலகை.

அதற்காக இணைப்பே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கணக்கு வாத்தியார் பஸ் ஓட்டும் பள்ளியில் என் பேரனைச் சேர்ப்பேனா? மாட்டேன். அந்தச் சட்டம் எந்தப் பள்ளியையும் மூடச் சொல்லவில்லை, நிர்வாகத்தைத்தான் இணைத்தது. அப்புறம் சில வருடங்களில், இணைந்த ஊர்களில் பல உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நான் சொன்ன அந்த மூன்றாவது வருடத்துக் கதைதான். 2015-ல் ஆர்கன்சா அரசே, 350-க்குக் கீழே போனாலும் விலக்குக் கேட்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது.

நெப்ராஸ்காவில் நடந்தது இன்னும் விசித்திரம். தொடக்கப் பள்ளி மட்டும் வைத்திருந்த குட்டி மாவட்டங்களை 2005-ல் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். 2006 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஆனால் மாவட்டங்கள் அந்தக் கோடையிலேயே கலைந்துவிட்டிருந்தன. கல்யாணத்துக்குத் தடை உத்தரவு, தாலி கட்டி ஐந்து மாதம் கழித்து வந்தது.

வெர்மான்ட் மாநிலத்து ஊர்கள் இதிலிருந்து பாடம் படித்தன என்று நினைக்கிறேன். 2015-ல் அங்கேயும் ஒரு சட்டம், 900 மாணவர்கள் என்று ஓர் இலக்கு. தானாக இணையாதவர்களை 2018-ல் கட்டாயமாக இணைத்தார்கள், வழக்குகளும் தோற்றன. ஆனால் அங்கே பல ஊர்கள் இணைப்பு ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதி வாங்கிக்கொண்டன. இத்தனை வருடத்துக்குள் எங்கள் பள்ளியை மூடுவதென்றால் எங்கள் ஊர் ஓட்டு வேண்டும் என்று. அந்த ஒரு பக்கம், ஆலோசகரின் நூறு பக்க அறிக்கையை விட ஊரைச் சமாதானப்படுத்தும்.

அடுத்தது பஸ். என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். காலையில் இருட்டு விலகும் முன்பே மஞ்சள் பஸ் வந்து நிற்கும். பனிக்குல்லாய் போட்ட ஒரு பொடியன் தூக்கத்திலேயே ஏறுவான். அது நகரத்தை ஒட்டிய பகுதி, அவனுக்குப் பள்ளி பத்து நிமிடம். மேற்கு வர்ஜீனியா மலைகளில் அப்படியில்லை. அங்கே 1990-களில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகள் கட்டினார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வழிக்கு 30 நிமிடம், நடுநிலைக்கு 45, உயர்நிலைக்கு 60 என்று அரசே வழிகாட்டுதல் வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதையும் தாண்டிப் பயணம் செய்தார்கள் என்று 2002-ல் சார்ல்ஸ்டன் கெசட் பத்திரிகை தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. டீசல் செலவு ஆய்வறிக்கையில் இருக்கும், ஏனென்றால் அதை மாவட்டம் கொடுக்கிறது. பிள்ளை பஸ்ஸில் கழிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அது எந்தக் கூட்டலிலும் வராது.

இணையாமலே சேர்ந்து நடத்தும் வழியும் உண்டு. ஐயோவா மாநிலத்தில் இரண்டு மாவட்டங்கள் தங்கள் போர்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, உயர்நிலை வகுப்புகள் உன் ஊரில், நடுநிலை வகுப்புகள் என் ஊரில் என்று பிரித்துக்கொள்கின்றன. ஒரே சூப்பரின்டென்டன்ட் வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. நிச்சயதார்த்தத்திலேயே பல வருடம் ஓட்டிவிடுவார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் ஒரு தம்பி முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. 2025 ஜூன் மாதம் உத்தரப் பிரதேச அரசு, 50 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு போட்டது. அங்கே கருத்தறியும் ஓட்டும் கிடையாது, சட்டப்படியான ஓட்டும் கிடையாது. பெற்றோர் உயர் நீதிமன்றம் போனார்கள். எதிர்ப்பு வலுத்தபின் ஜூலை கடைசியில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் சேர்க்க மாட்டோம் என்று அமைச்சர் அறிவித்தார். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதிகளில் முன்பே உள்ளதுதான். ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும் என்ற கேள்வி, உத்தரவு போட்டு ஆறு வாரம் கழித்துத்தான் அரசுக்கு வந்திருக்கிறது.

மைக்கை அந்தத் தம்பியிடம் கொடுங்கள், அவர் கேட்கட்டும்.