பத்து சென்ட் வாங்கித் தந்ததும் தராததும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் இரண்டு அமெரிக்கக் காசுகள் கிடக்கின்றன. கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தவை. ஒன்று ஐந்து சென்ட். அமெரிக்கர்கள் அதை நிக்கல் என்பார்கள். இன்னொன்று பத்து சென்ட். அதற்கு டைம் என்று பெயர். ஐந்து சென்ட் காசு பெரியது, பத்து சென்ட் காசு சிறியது. சின்ன வயதில் எனக்கு இது புரியவே இல்லை. டைம் அந்தக் காலத்தில் வெள்ளியில் அடிக்கப்பட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1950களில் ஒரு டாலருக்கு நம் பணத்தில் ஏறத்தாழ நாலே முக்கால் ரூபாய். ஆக, நிக்கல் என்பது நாலணாவுக்குப் பக்கம், டைம் எட்டணாவுக்குப் பக்கம். இந்த இரண்டு காசுகளையும் வைத்துக்கொண்டுதான் அன்றைய அமெரிக்காவைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

முதலில் நிக்கல். 1886இல் அட்லாண்டா நகரத்து மருந்துக்கடை ஒன்றில் கோக்கோ-கோலா விற்க ஆரம்பித்தபோது ஒரு கிளாஸ் ஐந்து சென்ட். 1950இலும் ஒரு சிறிய பாட்டில் ஐந்து சென்ட். நடுவில் இரண்டு உலகப் போர்கள், 1930களின் பெரும் பொருளாதார மந்தம், சர்க்கரைத் தட்டுப்பாடு எல்லாம் வந்து போயின. விலை மட்டும் அசையவில்லை. எப்படி?

1899இல் இரண்டு வழக்கறிஞர்கள் கம்பெனி முதலாளி ஏசா கேண்ட்லரிடம் வந்து, இந்தப் பானத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டார்கள். பாட்டில் வியாபாரத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால், மூலச் சிரப்பை மாறாத விலைக்குத் தருவதாகக் காலக்கெடு கூடப் போடாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு பாட்டில்தான் பெரிய வியாபாரம் ஆனது. சிரப் விலையை ஏற்ற முடியாத கம்பெனிக்கு நிறைய விற்பது ஒன்றுதான் வழி. கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு விலை ஏற்றினால் விற்பனை குறையும். ஆகவே சுவர், பலகை, கடிகாரம் என்று கண்ட இடமெல்லாம் ‘5 சென்ட்’ என்று எழுதி வைத்தார்கள். 1921இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் அந்த விலை மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அப்புறம் காசு போட்டால் பாட்டில் தரும் இயந்திரங்கள் வந்தன. அவை வாங்கும் ஒரே காசு நிக்கல். ஆறு சென்ட்டோ ஏழு சென்ட்டோ கேட்க அந்த இயந்திரத்தால் முடியாது. அடுத்த காசு டைம். அதற்கு மாற்றினால் விலை ஒரே நாளில் இரண்டு மடங்கு.

கம்பெனித் தலைவர் ராபர்ட் உட்ரஃப், அதிபர் ஐசனோவரின் நண்பர். ஏழரை சென்ட்டுக்குப் புதிதாக ஒரு நாணயம் அடிக்கும்படி 1953இல் அரசாங்கத்தையே கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. சில இடங்களில் இயந்திரத்துக்குள் ஒன்பது பாட்டிலுக்கு ஒன்றைக் காலியாக வைத்தார்கள். காலி பாட்டில் வந்தவர் இன்னொரு நிக்கல் போட வேண்டும். எல்லாருக்கும் விலை கொஞ்சம் ஏறுவதற்குப் பதிலாக ஒன்பதில் ஒருவருக்கு மட்டும் இரட்டிப்பு! கடைசி ஐந்து சென்ட் பாட்டில் 1959இல்தான் மறைந்தது. விலை என்பது பொருளின் மேல் தானாக முளைப்பதில்லை என்பதை இந்தக் கதையைவிட நன்றாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரியாது. ஓர் ஒப்பந்தம், சுவரெழுத்து, இயந்திரத்தில் காசு போடும் துளையின் அளவு எல்லாம் சேர்ந்துதான் அந்த ஐந்து சென்ட்.

நியூயார்க் பாதாள ரயிலும் அப்படியே. 1904இல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நிக்கல். எவ்வளவு தூரம் போனாலும் அதே கட்டணம். 1948 ஜூலையில்தான் ஒரு டைம் ஆனது. 1953இல் 15 சென்ட் ஆக்க வேண்டிய நிலை வந்தபோது, நுழைவாயிலின் சுழல் கதவால் இரண்டு வெவ்வேறு காசுகளை எண்ண முடியவில்லை. அதற்காகவே டோக்கன் அடித்தார்கள். அந்த டோக்கன் பிறகு அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

உணவகங்களில் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டி இருக்கும். அதிலும் நிக்கல் போட்டால் ஒரு பாட்டு. வானொலியில் பேசுகிறவன் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அன்றைய வானொலி நிலையங்கள் பல, கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தொடாமல் ஒதுக்கின. அந்தப் பாட்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது பெருமளவு ஜூக்பாக்ஸ் வழியாகத்தான். காசு போடுகிறவர் கேட்டதை அது பாடியது. மெம்பிஸ் நகரத்து இளைஞர் எல்விஸ் பிரெஸ்லி 1954இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலேயே ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞரின் பாட்டு ஒன்று இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1956 செப்டம்பரில், எல்விஸை ஒரே இரவில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 6 கோடிப் பேர். குருடப் தனக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகைக்காகச் சாகும்வரை அலைந்தார். இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சரி, விலைக்கு வருவோம். கைபேசியில் ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றி வரும். ‘1950களின் அமெரிக்காவில் ஹாம்பர்கர் 15 சென்ட், பெட்ரோல் ஒரு காலன் 27 சென்ட், ரொட்டி 14 சென்ட், தபால்தலை 3 சென்ட்’ என்று. பார்த்தவுடன் பெருமூச்சு வரும். விலைகள் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கும். கூலி. 1950இல் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஒரு டஜன் முட்டை 60 சென்ட். அதாவது ஒரு டஜன் முட்டைக்கு 48 நிமிட உழைப்பு. ஒரு பவுண்டு காபித்தூள், நம் கணக்கில் 450 கிராம், 79 சென்ட். ஒரு மணி நேரம் உழைத்தாலும் போதாது. 1954 நவம்பரில் சட்டைப்பைக்குள் அடங்கும் முதல் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி கடைக்கு வந்தது. ரீஜென்சி என்று பெயர், விலை 49 டாலர் 95 சென்ட். கூலிக்காரர் ஒருவர் கிட்டத்தட்ட 67 மணி நேரம் வேலை செய்தால் அது கிடைக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் ஒன்றரை வாரத்துக்கும் மேல். இப்படி மணிக்கணக்கில் மாற்றிப் பார்க்கும்போதுதான் அந்தக் காலத்து அடுக்களை கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த 75 சென்ட்டும் எல்லாருக்கும் கிடையாது. 1938இல் வந்த கூலிச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டது. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பண்ணை ஆட்களுக்கு அது கிடைக்க 1966 ஆனது, வீட்டு வேலைக்காரர்களுக்கு 1974.

உண்மையிலேயே மலிவாக இருந்தது வீடு. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, வில்லியம் லெவிட்டும் அவர் குடும்பத்தாரும் 1947 முதல் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். ஒரு குழு அடித்தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். அடுத்த குழு வந்து மரச் சட்டங்களை நிறுத்தும். வண்ணம் அடிக்கத் தனி ஆள். தொழிற்சாலையில் கார் நகரும், இங்கே ஆட்கள் நகர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். 1949 மாதிரி வீட்டின் விலை 7,990 டாலர். துணி துவைக்கும் இயந்திரமும் அதோடு சேர்த்தி. மறு ஆண்டு மாதிரியில் சுவரிலேயே தொலைக்காட்சிப் பெட்டியைப் பதித்துக் கொடுத்தார்கள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன், முன்பணம் வேண்டியதில்லை. அப்போது சராசரிக் குடும்பம் ஒன்றின் ஆண்டு வருமானம் சுமார் 3,300 டாலர். இரண்டரை ஆண்டு வருமானத்துக்குள் சொந்த வீடு! இன்று எந்தப் பெரிய நகரத்தில் இப்படிச் சொல்ல முடியும்?

வீட்டோடு நிபந்தனைகளும் வந்தன. வேலி போடக் கூடாது, புல்லை வெட்டி ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெளியே துணி காயப்போடக் கூடாது. இவற்றோடு ஆரம்பகால வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனை: வெள்ளை இனத்தவரைத் தவிர வேறு யாரும் அந்த வீட்டைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்ற வழக்கத்தை லெவிட் விடவில்லை. அதே போரில் போரிட்ட கறுப்பினச் சிப்பாய்க்கு, அதே கடன் சட்டம் இருந்தும், அந்தக் கதவு திறக்கவில்லை. பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மையர்ஸ் தம்பதி ஒரு பழைய உரிமையாளரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறினார்கள். அங்கே குடிவந்த முதல் கறுப்பினக் குடும்பம் அவர்கள். இரவுகளில் கூட்டம் கூடியது, கல் பறந்து சன்னல் உடைந்தது, மாநிலக் காவல்துறை வர வேண்டியிருந்தது. 7,990 டாலர் என்ற அந்த அழகான எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சன்னல் நினைவுக்கு வருகிறது.

இப்போது டைம். என்னிடம் இருப்பதில் அதிபர் ரூஸ்வெல்டின் முகம் இருக்கிறது. 1946இல் அவர் பிறந்தநாளன்று வெளிவரத் தொடங்கிய நாணயம் அது. அவர் முகம் அதில் வந்ததற்குக் காரணம் உண்டு. 39 வயதில் இளம்பிள்ளை வாதம் என்று கண்டறியப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர் அவர். அந்த நோயை ஒழிக்க ஆளுக்கொரு டைம் அனுப்புங்கள் என்று 1938இல் வானொலி வழியாக வேண்டுகோள் போனது. வெள்ளை மாளிகைக்குப் பத்து சென்ட் காசுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. 1950 முதல் ஆண்டுதோறும் தாய்மார்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டினார்கள். 1952 கோடையில் நோய் உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டில் மட்டும் 58,000 பேருக்குப் பக்கம் பாதிப்பு, 3,000க்கு மேல் சாவு. நீச்சல் குளங்களை மூடினார்கள். பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சினார்கள். அந்தச் சில்லறைப் பணத்தில்தான் ஜோனஸ் சால்க் என்ற மருத்துவரின் தடுப்பூசி ஆய்வு நடந்தது. 1955 ஏப்ரல் 12, ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழிந்த நாள். தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். ஊர்களில் தேவாலய மணிகள் அடித்தன. ஒரு தேசத்தின் சில்லறை இதைவிட நல்ல செலவு செய்ததாக நான் படித்ததில்லை.

அதே ஆண்டு டிசம்பர். அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரம். பஸ் கட்டணம் ஒரு டைம். கறுப்பினப் பயணி முன் வாசலில் ஏறி ஓட்டுநரிடம் காசைப் போட வேண்டும், பிறகு பல நேரம் கீழே இறங்கி, பின் வாசலுக்கு நடந்து போய் ஏற வேண்டும். அவர் நடந்து போவதற்குள் பஸ் கிளம்பிவிடுவதும் உண்டு. டைம் உள்ளே, ஆள் வெளியே. டிசம்பர் 1ஆம் தேதி, பல்பொருள் கடையில் தையல் வேலை பார்த்த ரோசா பார்க்ஸ், வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதானார். டிசம்பர் 5ஆம் தேதி அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்களைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ்ஸுக்கு ஆகும் அதே பத்து சென்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்து வாங்கினால் அபராதம் என்று நகர நிர்வாகம் மிரட்டியது. சரி என்று சொந்தக் கார்களை முறைவைத்து ஓட்டினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். பொரித்த கோழி, கேக், பழப் பணியாரம் எல்லாம் செய்து அழகு நிலையங்களிலும் வீட்டு வாசல்களிலும் விற்றார்கள். வந்த பணத்தை வாரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதுதான் பதில். சங்கத்தின் பெயரே அதுதான். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. கில்மோர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், அவர் வேலை போகத்தான் செய்தது. வீட்டு அடுக்களையிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார். 381 நாட்கள் அந்த டைமைப் பஸ் உண்டியலில் போடாமல் இருந்தார்கள். 1956 டிசம்பர் 21ஆம் தேதி, விரும்பிய இருக்கையில் உட்காரும் உரிமையோடு மறுபடி ஏறினார்கள்.

இன்னும் ஓர் இடம். ‘ஐந்து பத்துக் கடை’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் மலிவு விலைக் கடைகளைத் தொடங்கியவர் ஃபிராங்க் வூல்வொர்த். 1879இல் எல்லாப் பொருளும் ஐந்து சென்ட் என்று ஆரம்பித்து, பிறகு பத்து சென்ட் பொருட்களையும் சேர்த்தார். பென்சில், சீப்பு, ரிப்பன், பொம்மை எதுவானாலும் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், விலை தெரியும். பெரிய கிளைகளில் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட நீள மேடை இருக்கும். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ கிளைக்கு 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் போனார்கள். முதலாமாண்டு படிக்கும் பிள்ளைகள். பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பிறகு சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அங்கே அவர்களுக்குப் பரிமாற மறுத்துவிட்டார்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் தெற்கு மாநிலங்களில் பல ஊர்களுக்கு அது பரவியது.

ஜூலை 25ஆம் தேதி அந்தக் கடை இறங்கி வந்தது. அன்று அந்த மேடையில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல. அதே கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்கள். அந்த மேடைக்கான சாப்பாட்டைத் தினமும் தயார்செய்துகொண்டிருந்தவர்கள். வேலை உடுப்பை மாற்றிவிட்டு, முன்பக்கம் வந்து உட்கார்ந்து, தங்களுக்கு வேண்டியதைச் சொன்னார்கள்.

வணக்கம்.