பூட்டிய பீரோவும் கோணி ஊசியும்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் புத்தகம் படிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடப் புத்தகம் இல்லை, சும்மா ஆசைக்குப் படிக்கிற புத்தகம். நான் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவள். போகிற பள்ளியிலெல்லாம் நூலகப் பொறுப்பு என் தலையில் வந்து விழும். "தமிழ் டீச்சர்தானே, பார்த்துக்கட்டும்" என்பார்கள். பொறுப்பு என்றால் ஒரு சாவி, ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர். அவ்வளவுதான்.

பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசம் அடிக்கும். உள்ளே புத்தகமெல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டால் எல்லாப் பள்ளியிலும் ஒரே பதில்தான்: "ஒண்ணு குறைஞ்சா யார் காசு கட்டுறது?"

அந்தப் பயம் பொய்யில்லை. ஆடிட் வரும்போது நிற்பது ஆசிரியர்தானே. ஆனால் ஒன்று சொல்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 என்று ஒன்று இருக்கிறது. வருஷத்தில் வாசகர் கைக்குப் போகும் 1,000 புத்தகத்துக்கு 5 தொலைந்தால் அது இயல்பான இழப்புதான் என்று அதில் எழுதியிருக்கிறது. ஏமாற்றோ அசட்டையோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ, என்ன விலையானாலும் அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, நம் பள்ளிகளுக்கு அல்ல. ஆனாலும் கவனியுங்கள், கணக்கு வழக்கு பார்க்கிற ஆட்களே புத்தகம் தொலையும் என்று ஒத்துக்கொண்டு விதி எழுதியிருக்கிறார்கள். நாம்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறோம்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்கிறார்களே, எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் சீர்காழியில் பிறந்து கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டார். முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அப்போதே வண்டி கட்டிப் போயிருக்கிறார்கள். நாம் இன்னும் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஒரு பையன் கதை சொல்கிறேன். இதைச் சொல்லாமல் எனக்குப் பேச வராது. பாலக்கோடு பக்கத்துப் பையன், ஒன்பதாம் வகுப்பு. விடியுமுன்னே அப்பாவோடு தக்காளி மண்டிக்குப் போய்விட்டு வருவான். முதல் பீரியடில் தூங்கிவிழுவான். ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், நேத்து எங்க கொட்டாய்ல ஒரு பாம்பை அடிச்சாங்க. அது விஷமா இல்லையான்னு சண்டை" என்றான். பீரோவில் பாம்பு பற்றி வண்ணப் படத்தோடு ஒரு புத்தகம் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, "சாரை டீச்சர், அநியாயமா அடிச்சுட்டாங்க" என்றான்.

புத்தகம் அவனோடு வீட்டுக்குப் போனது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று தாத்தாவுக்கு ராத்திரியில் வாசித்துக் காட்டுவானாம். "சுருட்டை இவ்வளவு சின்னதா இருக்காதே" என்று தாத்தா எதிர்வாதம் செய்வாராம். மறுநாள் அந்தச் சண்டை என்னிடம் வரும். கெடு தேதி தாண்டியும் புத்தகம் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வந்தபோது பார்க்கணுமே! அட்டை கழன்று போயிருக்கிறது. பயல் மூட்டை தைக்கிற கோணி ஊசியால் சணல் கோத்து, முதுகோடு சேர்த்து ஆறு இடத்தில் குத்தித் தைத்திருக்கிறான். முடிச்செல்லாம் மண்டியில் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. ஒரு பக்கத்தில் புளிக்கறை, நடுவில் அடையாளத்துக்கு பஸ் டிக்கெட். அச்சகத்துக்காரன் தைத்ததைவிட அந்தத் தையல் கெட்டி. அப்புறம் என்ன, "அந்தச் சணல் புக் குடுங்க டீச்சர்" என்று பையன்கள் வரிசை கட்டிவிட்டார்கள். பக்கத்தில் புத்தம் புதிதாக இருந்ததை ஒருத்தரும் தொடவில்லை. இன்னொருத்தர் படித்த புத்தகத்தில்தான் அந்த வயசுப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருகிறது. நாம் சிபாரிசு செய்தால் சந்தேகப்படுவார்கள்.

கடைசியில் அது தொலைந்தது. விசாரித்தால், யாரோ மாமா ஊருக்கு எடுத்துப் போய், இப்போது ஊத்தங்கரைப் பக்கம் ஏதோ கிராமத்தில் இருக்கிறதாம். இருக்கட்டும்.

அடுத்தது, தயவுசெய்து "இந்தக் கதையின் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கருத்து கேட்காதீர்கள். பேய்க் கதையில் என்ன கருத்து? பயமாக இருந்ததா என்று கேளுங்கள், போதும். பாதியில் மூடிவிட்டானா, வேறொன்று எடுக்கட்டும். பதினைந்து வயதுப் பையன் படக்கதை படித்தால் முகம் சுளிக்காதீர்கள். நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில், எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் புத்தகம் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் தடுமாறி வாசிக்கிற பெரிய பையன், 'நுழை' புத்தகத்தைத் தொட வெட்கப்படுவான். "உன் தம்பிக்குப் படிச்சுக் காட்டு" என்று கொடுத்துப் பாருங்கள், இரண்டு பேரும் படித்துவிடுவார்கள்.

நூலகப் பீரியட் பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் போய்விடுகிறதே, அதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பெண் பிள்ளைகள் நோட்டுக்குள் ஒளித்துவைத்துப் படிப்பதைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை: பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கு, கோடை விடுமுறை விடுமுன் ஆளுக்கு இரண்டு புத்தகம் கையில் கொடுத்தனுப்புங்கள், பள்ளி திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம். பேர் எழுதிக்கொள்ள மாணவர்களில் ஒருத்தரையே போடுங்கள், அவர்கள்தான் கறாராக வசூலிப்பார்கள். வணக்கம்.