விருந்தாளியாக வந்த ராக் கிட்டார்: ஜான் மார்ட்டினும் பால் காசாஃபும்

வணக்கம் மக்களே. ஏற்காடு லேடீஸ் சீட் பக்கம் நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, முடிந்தால் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இன்று பேசப்போவது பிரிட்டிஷ் பாடகரும் கிட்டார்காரருமான ஜான் மார்ட்டினின் 'லைவ் அட் லீட்ஸ்' என்ற கச்சேரி ஆல்பம் பற்றி.

பெயரைக் கேட்டதும் சிலருக்கு அதே பெயரில் ஆல்பம் போட்ட 'தி ஹூ' ராக் குழு ஞாபகம் வரும். அவர்கள் 1970ல் பதிவு செய்ததும் இங்கிலாந்தின் அதே லீட்ஸ் பல்கலைக்கழகத்தில்தான். நான் சொல்வது 1975 பிப்ரவரியில் நடந்த கச்சேரி. மார்ட்டின் நாட்டுப்புறப் பாட்டு கிளப்புகளில் பாடி வளர்ந்தவர். கூட டபுள் பேஸில் டேனி தாம்சன், டிரம்ஸில் ஜான் ஸ்டீவன்ஸ். அப்புறம் விருந்தாளியாக மேடை ஏறியவர் பால் காசாஃப். 'ஆல் ரைட் நவ்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதைப் போட்ட 'ஃப்ரீ' என்ற ராக் குழுவின் கிட்டார்காரர்.

காசாஃப் கை வேகத்தைக் காட்டுகிறவர் இல்லை. ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியில் அழுத்திய விரலை அசைத்து அசைத்து அதை அழ வைப்பார். நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தில் நின்று உருக்குவாரே, அப்படி.

மார்ட்டின் கையிலோ அக்குஸ்டிக் கிட்டார். அதை எக்கோபிளெக்ஸ் என்ற டேப் கருவி வழியாக விடுவார். வாசித்தது டேப்பில் பதிவாகி, சற்றுத் தள்ளித் திரும்பி வரும். வந்த ஒலியோடு அவரே சேர்ந்து தாளம் போடுவார். 'அவுட்சைட் இன்' பாட்டு கிட்டத்தட்ட 19 நிமிடம் இப்படியே போகிறது. அதைக் கேட்டால் ஒரு கிட்டார் என்று நம்பவே முடியாது. இவ்வளவு நிறைந்த இசைக்குள் இன்னொரு கிட்டார் நுழைய வேண்டும் என்றால், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவரால்தான் முடியும். காசாஃபுக்கு அது தெரியும்.

மார்ட்டின் அந்த இசைத்தட்டைத் தானே 10,000 பிரதி போட்டு, ஹேஸ்டிங்ஸில் தன் வீட்டிலிருந்தே தபாலில் விற்றார். காசாஃப் வாசித்த பாடல்கள் அதில் இல்லை. பின்னால் வந்த விரிவான பதிப்பில்தான் சேர்ந்தன. காசாஃப் 1976 மார்ச்சில் விமானப் பயணத்திலேயே இறந்துவிட்டார். வயது 25. அந்தப் பாடல்களைத் தேடிக் கேளுங்கள், எனக்கு ஆல்பத்தின் உயிரே அவைதான்.

எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரியாததுதான், நம்ம சேலத்துப் பக்கம் ஆடி மாதக் கச்சேரிகளில் எனக்கு மனசு வலிக்கிற இடம். பாடுகிற அம்மா தொண்டை கிழியப் பாடுவார். கீபோர்டும் ரிதம் பேடும் அவர் குரல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. 2018ல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவின் மேடையில் கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாரும் எவ்வளவு அழகாகச் சேர்ந்தன!

சேலத்தில் கிட்டார், டிரம்ஸ் வாசிக்கிற தம்பி தங்கைகளே, கும்மியோ ஒப்பாரியோ பாடுகிற ஒருவரை நடுவில் உட்கார வையுங்கள். அவர் எடுக்கிற சுருதிக்கு உங்கள் கிட்டாரைச் சேருங்கள், அவரை இழுக்காதீர்கள். முதல் இரண்டு சரணம் வாசிக்காமல் கேளுங்கள். கேட்க ஆட்களை எதிரே உட்கார வைத்தே, ஒரே மூச்சில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். வெட்டாமல் இந்தச் சேனலில் போடுகிறேன், பாடியவர் பெயரை முதலில் போட்டு.