என் குறட்டையை நான் கேட்ட நாள்

வணக்கம் மக்களே. மணி ராத்திரி பத்தரை. ஆறு மாதத்துக்கு முன்பு இந்த நேரமானாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கண் அசந்ததும் யாரோ குரல்வளையைப் பிடித்த மாதிரி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். அப்புறம் எங்கே தூங்குவது? “அமுக்குவான்டா, தலைமாட்டுல விளக்குமாறு வை” என்றார் அம்மா. சத்தியமாக வைத்தேன்.

எல்லாம் மனப்பயம் என்றுதான் நினைத்தேன். முதலில் பார்த்த டாக்டரும் அப்படியே நினைத்துத் தூக்க மாத்திரை எழுதினார். குறட்டை உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடுமாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் குறட்டையைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் என் மனைவி போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். லாரி மேடு ஏறுகிற மாதிரி குறட்டை. திடீரென்று நிற்கிறது. வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது, மூச்சைக் காணோம். எண்ணிப் பார்த்தேன், 23 விநாடி. அப்புறம் ஒரு பெரிய உறுமல்.

அடுத்து போனது நுரையீரல் டாக்டரிடம். டேப் வைத்துக் கழுத்தை அளந்தார், 42 சென்டிமீட்டர். ‘ஸ்லீப் ஸ்டடி’ எழுதிக் கொடுத்தார்.

லேபில் தலை, கண்ணோரம், தாடை, கால் எல்லாம் பசை தடவி ஒயர். மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் டியூப், விரலில் கிளிப். பாத்ரூம் போகக்கூட டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். எனக்கோ ஒரே பயம்: தூங்காவிட்டால் கட்டிய காசு போச்சே! அவர் சிரித்தார். “எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க சார். சும்மா படுங்க, வந்தா வரட்டும்.” ‘தூங்கு’ என்று யாரும் சொல்லாத அந்த ராத்திரியில் நாலரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

இதோ ரிப்போர்ட். ஏஹெச்ஐ 34. அதாவது மணிக்குச் சராசரியாக 34 தடவை, பத்து விநாடிக்குக் குறையாமல், மூச்சு நின்றிருக்கிறது அல்லது மேலோட்டமாகிவிட்டது. ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை, முப்பதைத் தாண்டினால் தீவிரம். கழுத்தைப் பிடித்தது அமுக்குவான் இல்லை, தூக்கத்தில் தளர்ந்து மூடிக்கொள்ளும் என் தொண்டைதான். ‘ஸ்லீப் அப்னியா’ என்று பெயர்.

இப்போது சிபாப் மெஷின். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தேன். அப்புறம் பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகினேன். பயம் மொத்தமாகப் போய்விட்டதா என்றால், இல்லை. பத்தரைக்கு இன்னும் லேசாக ஒரு படபடப்பு வரும். பெட்ரூம் கடிகாரத்தைக் கழற்றி ஹாலில் மாட்டிவிட்டேன்.

போன வாரம் அம்மா வந்து தங்கினார். காலையில் மனைவியிடம் ரகசியமாகக் கேட்கிறார்: “ராத்திரி பூரா குறட்டைச் சத்தமே கேக்கலையே, பாவம், பிள்ளை தூங்கவே இல்லையா?”