முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

(காட்சி: வெளிப்புறத்திலிருந்து ஒரு சன்னல்)

வெளியே நின்றால் ஒன்றும் தெரியாது. கறுத்த கண்ணாடித் துண்டுகள், அவற்றை இணைக்கும் ஈயப் பட்டைகள். சரி, உள்ளே வாருங்கள்.

(காட்சி: உள்ளே, மெல்ல மேலெழும் கேமரா)

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஃபேர்ஃபோர்டு என்ற சிற்றூரின் புனித மரியாள் ஆலயம். கம்பளி வியாபாரி ஜான் டேம் புதுப்பிக்கத் தொடங்கி 1500-இல் இறந்துபோக, மகன் எட்மண்ட் முடித்தார். மொத்தம் 28 வண்ணக் கண்ணாடி ஓவியச் சன்னல்கள். 1703-இல் அடித்த பெரும்புயல் மேற்குச் சன்னல்களை நொறுக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள்.

(காட்சி: தெற்குச் சுவர்)

பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவின் முதன்மைச் சீடர்கள். தாடியும் அங்கியுமாக எல்லோரும் ஒரே சாயல். யார் யாரென்று கையில் இருப்பதுதான் சொல்லும். சாவி என்றால் பேதுரு. பெருக்கல் குறி மாதிரிச் சிலுவை அந்திரேயாவுக்கு. கத்தி வைத்திருப்பவர் பர்த்தலோமேயு; அவரை உயிரோடு தோலுரித்தார்கள் என்பது மரபு. ஈட்டி தோமாவுக்கு. பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்று நம் பக்கம் சொல்வார்களே, அவரேதான்.

(காட்சி: கண்ணாடித் துண்டு, மிக அருகில்)

நிறத்தைத் தூரிகையால் பூசினார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கண்ணாடியை உருக்கும்போதே நிறமும் சேர்ந்துவிடுகிறது: கோபால்ட் போட்டால் நீலம், செம்பு போட்டால் சிவப்பு. சிவப்பில்தான் தொல்லை. கொஞ்சம் தடித்தாலும் கறுத்துவிடும். அதனால் நிறமற்ற கண்ணாடியின்மேல் வெங்காயத் தோல் அளவுக்குச் சிவப்பை ஏற்றினார்கள். தூரிகைக்கு மிச்சம் இருப்பது கண், மூக்கு, துணி மடிப்பு. உலோகத் தூளும் அரைத்த கண்ணாடியும் கலந்த கரிய மையால் வரைந்து, சூளையில் சுடுவார்கள்.

அப்புறம் அந்தப் பொன்மஞ்சள். வெள்ளி கலந்த பூச்சைக் கண்ணாடியின் பின்பக்கம் தடவிச் சுட்டால் அந்த இடம் மஞ்சளாகிவிடும். தடவுவது வெள்ளி, கிடைப்பது தங்க நிறம்! வெளுத்த முகமும் பொன்னிறத் தலைமுடியும் ஒரே துண்டில் வந்துவிடும்; நடுவே ஈயக் கோடு வேண்டாம்.

(காட்சி: மேல்வரிசைச் சன்னல்கள், தெற்கிலிருந்து வடக்கே திரும்பும் கேமரா)

மேலே, தெற்கு வரிசையில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள், தலைக்குமேல் தேவதூதர்கள். நேர் எதிரே, வடக்கில், திருச்சபையை வதைத்த பன்னிரண்டு பேர், தலைக்குமேல் பேய்கள். சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குப் பிடித்தவை அந்தப் பேய்கள்தான்.

இப்போது மணி பன்னிரண்டு. தெற்கு வெயில் புனிதர்கள் வழியாக இறங்கித் தரையில் நீலமும் சிவப்புமாகக் கிடக்கிறது. வடக்குச் சன்னல்களில் சாம்பல் வெளிச்சம்தான். அந்த ஊரில் குளிர்கால வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.