இவர் மாதிரி இன்னொருத்தர் வேண்டும்

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, கேட்காமலே ஒவ்வோர் ஆண்டும் பந்தலும் மைக்செட்டும் போட்டுத் தருகிற வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, பரிசுப் புத்தகங்களுக்குப் பணம் தந்த புரவலர்களே, பரிசு வாங்கப் போகிற மாணவச் செல்வங்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கு ஏழு மணிக்கு ஒரு திருமண வரவேற்பு இருக்கிறது. அவர்கள் கிளம்புவதற்குள் நான் ஒன்று கேட்க வேண்டும். அதை எப்படியாவது கேட்டுவிடுவேன் என்று அவர்களுக்கும் தெரியும். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அடுத்த ஆண்டு இந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று சென்ற ஆண்டும் இதே மேடையில் கேட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிடித்த ஓர் எழுத்தாளரை முழுசாகப் படித்து முடித்துவிட்டோம். அப்புறம் என்ன செய்வது? 'இவர் மாதிரி இன்னொருத்தர் இருந்தால் சொல்லுங்களேன்' என்று யாரைப் போய்க் கேட்பது? இதற்கு நான்கு வழிகள் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். முதலாவது, எழுத்தாளருடைய நண்பர்கள். இரண்டாவது, அவருடைய மண். மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர்கள். நான்காவது, முன்னுரைகள்.

தி. ஜானகிராமனை எடுத்துக்கொள்வோம். அவரைப் படித்தவர்களுக்குக் கும்பகோணத்தை விட்டு வெளியே வர மனசு வராது. வர வேண்டாமே! அதே ஊரில் அவருக்கு ஒரு கூட்டாளிகள் கூட்டமே இருந்தது. நடுவில் கு.ப. ராஜகோபாலன். 1944இல், நாற்பத்திரண்டே வயதில் போய்விட்ட மனிதர். ஆண் பெண் மனசைப் பற்றி ஜானகிராமன் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் 'கரிச்சான்' என்ற பெயரிலும் எழுதினார். அவர்மேல் உள்ள பக்தியால் நாராயணசாமி என்ற இளைஞர் தனக்குக் 'கரிச்சான் குஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தக் குஞ்சு எழுதிய 'பசித்த மானிடம்' நாவலைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், அது தாய்ப் பறவைக்குக் குறைந்ததா என்று! இன்னொருவர் எம்.வி. வெங்கட்ராம். சௌராஷ்டிர சமூகத்துக்காரர், பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். தன் காதுக்குள் கேட்ட இரைச்சல்களையே 'காதுகள்' என்று நாவலாக்கி 1993இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். ஒருவர் கையைப் பிடித்தால் மூன்று பேர் வருகிறார்கள். ஜானகிராமனைப் பிடித்தவர்களுக்கு இந்த மூவரும் அப்படியே பிடித்துப்போவார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ஒரே காவிரிக்கரையில் நான்கு விதமாகக் கண் திறந்து பார்த்தவர்கள் என்பது புரிந்துவிடும்.

மண் என்றால் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்கிற ஒரே ஊரில் பிறந்து வளர்ந்த சிநேகிதர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதற்குப் பிறகு அதே கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து பூமணி வந்தார், சோ. தர்மன் வந்தார். 2014இல் பூமணிக்கு, 2019இல் தர்மனுக்கு அதே விருது. கி.ரா.வைப் படித்துச் சிரித்தவர்கள் பூமணியைப் படித்தால் அதே கரிசலில் வேறு தெருவுக்குள் நுழைவார்கள். அங்கே அவ்வளவு சிரிப்பு இருக்காது. கி.ரா.வே அந்த வட்டாரத்து எழுத்தாளர்களைத் திரட்டிக் 'கரிசல் கதைகள்' என்று ஒரு தொகுப்பு போட்டார். பிடித்த எழுத்தாளர் தொகுத்த புத்தகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தனக்குப் பிடித்தவர்களை அவரே நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்.

இதெல்லாம் ஓரளவு படித்துத் தேறியவர்களுக்கான வழி. சாதாரண வாசகருக்கு யார் வழி சொல்வது? எனக்கு மிகவும் பிடித்த பழமொழி ஒன்று உண்டு. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். எந்த மாடு எதற்கு மசியும் என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இன்று போனைத் திறந்தால், 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று வருகிறது. எல்லா மாட்டுக்கும் ஒரே பாட்டு!

நம் ஊரில் முன்பு இருந்த நூலகர் அப்படி இல்லை. இதோ, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை. அவர் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடைவீதியில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். அவரும் வந்திருக்கிறார், அவரும் பெயர் வேண்டாம் என்கிறார், ஆனால் எல்லாரும் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறீர்கள். அண்ணாச்சி சாண்டில்யன் பக்தர். நூலகத்தில் இருந்த சாண்டில்யன் மொத்தத்தையும் படித்துவிட்டார். மூன்று பாகம் 'கடல் புறா'வை மறுபடி ஒரு சுற்றும் முடித்துவிட்டார். ஒரு சாயங்காலம் நூலகர் முன்னால் வந்து நின்றார். "சார், இவரு மாதிரி இன்னொருத்தரு குடுங்க."

வேறு யாராவது என்றால் இன்னொரு சரித்திர நாவலை நீட்டி அனுப்பியிருப்பார்கள். நம்மவர் கேட்டார்: "குடுக்கலாம் அண்ணாச்சி. அதுல உங்களுக்கு எது பிடிச்சது? வாள் சண்டையா, ராஜதந்திரமா, இல்ல பெண்கள் வர்ணனையா?"

பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் நிற்கிறார்கள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "வர்ணனை வந்தா நான் பக்கத்தத் தள்ளிருவேன் சார்!"

நூலகர் ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் இருந்த இரண்டாம் பாகத்தைப் பிரித்துக் காட்டினார். நாயகி மஞ்சளழகி வருகிற பக்கங்களில் எல்லாம், ஓரத்தில், மஞ்சத்தூள் விரல் தடம்! (சிரிப்பு) மஞ்சளழகிக்குப் பொருத்தம்தான், ஆனால் இந்த ஊரில் மஞ்சத்தூள் கையோடு புத்தகம் படிக்கிறவர் யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சிரிப்பு அடங்கியதும் அண்ணாச்சி யோசித்துச் சொன்னார். "கப்பல் சார். காத்து பாத்துப் பாய் விரிக்கிறது, சரக்கு ஏத்துறது, எறக்குறது... எங்க தாத்தா தூத்துக்குடித் தோணியில போனவரு."

இவ்வளவு தெரிந்தால் போதாதா? முதலில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கொடுத்தார். ஒல்லியான புத்தகம். மறுநாளே அண்ணாச்சி திருப்பிக் கொண்டுவந்தார். "ராசா இல்ல, சண்டையும் பெருசா இல்ல. லாஞ்சுக்காரங்களுக்கும் வல்லத்துக்காரங்களுக்கும் நடக்குற தகராறுதான். எல்லாரும் பாவப்பட்ட சனங்க சார். ராத்திரி தூக்கம் வரல." பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நூலகருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான், பினாங்கு, அதாவது இன்றைய இந்தோனேசியா, மலேசியா பக்கம் நடக்கிற கதை. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் மெடானுக்கு வேலைக்குப் போனவர் எழுதியது. அண்ணாச்சி கடை வாசலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று செட்டியார் வட்டிக்கடைப் பேச்சு வந்ததும் சத்தம் போட்டே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எடை போடுகிற பையன்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிற இடத்தில் சீரகம் கேட்டு வந்த ஓர் அம்மாவுக்குச் சோம்பு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா திரும்பி வந்து சண்டை போட்டதைக் கடைவீதியே பார்த்தது.

கெடு முடிந்து, அபராதமும் கட்டி, புத்தகத்தைத் திருப்பும்போது அதே கேள்வி. "இவரு மாதிரி இன்னொருத்தரு?"

"இவர் எழுதுனதே ரெண்டு நாவல்தான் அண்ணாச்சி. இவர் மாதிரி இவர் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிற ஜோ டி குரூஸின் 'கொற்கை'யைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். 2013இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். தூத்துக்குடி, தோணி, முதலாளிமார், துறைமுகம், எல்லாமே அண்ணாச்சியின் தாத்தா புழங்கிய உலகம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். சாண்டில்யன் எங்கே, ஜோ டி குரூஸ் எங்கே? எந்தக் கணக்கிலும் இவர் மாதிரி அவர் இல்லை. ஆனால் அண்ணாச்சிக்கு அது ஒரே கடல்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிப் பேச வேண்டும். கா.ஸ்ரீ.ஸ்ரீ. பெயரைப் பார்த்து மராத்திக் காண்டேகரைத் தேடிப் படித்த ஒரு தலைமுறையே இருந்தது, குளச்சல் யூசுப் பெயரைப் பார்த்து மலையாள பஷீரை எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் துண்டுச் சீட்டு வந்துவிட்டது. அம்மா அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முன்னுரை பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். இன்னும் இரண்டே நிமிடம்.

அந்த நூலகர் ஓய்வு பெற்றுவிட்டார். அதன் பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பக்கத்து ஊர் நூலகர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். நல்ல மனிதர், ஆனால் இரண்டு ஊருக்கும் சேர்த்து அவருக்கு இரண்டு கால்தான். அவர் அங்கே இருக்கிற நாளில் இங்கே பூட்டு. அண்ணாச்சி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மேடையில் இருக்கும் அலுவலர் அவர்கள் கையிலும் எல்லாம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் இது சலுகை கேட்கிற விஷயம் இல்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்தனை மாநிலங்களுக்கும் அது முன்னோடி. அந்தச் சட்டப்படி இன்றைக்கு நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். அண்ணாச்சி கடைக்கும் கட்டுகிறார், வீட்டுக்கும் கட்டுகிறார். அந்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய எஸ்.ஆர். அரங்கநாதன் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். மன்னார்குடிப் பக்கம் அதே 1931இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வண்டியோடு ஆளும் போனார். நம் ஊரில் மாடு இருக்கிறது, பால் இருக்கிறது. ஆடவும் பாடவும்தான் ஆள் இல்லை.

ஆகவே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்கள் கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுகிறேன். முழுநேர நூலகர் வேண்டும் என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டுத் தர வேண்டும். வாசகர் வட்டத்தின் விண்ணப்பம் வாசலில், பரிசுப் புத்தகம் அடுக்கியிருக்கிற மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் உறுப்பினர் எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். வெறும் கையெழுத்து என்றால் யாரோ போட்டது என்று தள்ளிவிடுவார்கள். உறுப்பினர் ஆகாதவர்களுக்குப் பக்கத்திலேயே படிவம் இருக்கிறது. வணிகர் சங்கச் செயலாளர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சற்று முன் என்னிடம் ஒத்துக்கொண்டார். மாணவர்கள் பரிசு வாங்கியதும் பெற்றோரைக் கையோடு அந்த மேசைக்கு அழைத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.